பெத்ராமாராவுக்கு என்னை விட்டுவிட்டுப் போனார்கள்

இத்தாலியில், பலெர்மோவில், வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிற எங்கள் தமிழ் ஆட்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் என்னை இன்னும் அதிலிருந்து நீக்கவில்லை. அண்மையில் பகேரியாவில் ஒரு வீட்டுக்குப் புதிதாக வேலைக்குப் போன பிள்ளை ஒருத்தி அதில் கேட்டிருந்தாள்:

"நான் பாக்கிற அம்மா சாப்பிட வாயைத் திறக்கிறா இல்லை. கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறா. என்ன செய்யிறது எண்டு ஆராவது சொல்லுங்கோ."

எனக்குப் பதில் தெரியும். எங்கள் ஆட்களில் அந்தப் பதிலை முதலில் கண்டுபிடித்தவனே நான்தான். மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் சாந்தினியின் குரல் பதிவு வந்து விழுந்துவிட்டது.

"தங்கச்சி, அவவின்ரை ஊர் எது எண்டு முதல் கேளுங்கோ. பிறகு அந்த ஊருக்குள்ளாலை நடந்து போற மாதிரிக் கதையுங்கோ. இப்ப எந்தத் தெருவிலை நிக்கிறம், இந்த வளைவிலை என்ன கடை எண்டு கேளுங்கோ. வாய் தானாத் திறக்கும். நான் ஒரு ஐயாவுக்கு அப்பிடித்தான் சாப்பாடு குடுத்தனான்."

கைதட்டும் படங்களும் கும்பிடும் படங்களும் மளமளவென்று வந்தன. "சாந்தினியக்கா, நீங்கள் வகுப்பே எடுக்கலாம்" என்று ஒருத்தி எழுதினாள். நான் தட்டியதை அழித்தேன்.

பக்கத்தில் இருந்த என் மனைவி இராணி கேட்டாள்: "ஏன் அழிக்கிறியள்?"

"அதுதான் அவள் சொல்லிப்போட்டாளே."

"முகத்தைப் பாக்கப் புளியங்காய் கடிச்ச மாதிரி இருக்கு."

சாந்தினி சொன்ன அந்த 'ஒரு ஐயா' நான் பார்த்த ஐயா. அந்த முறை நான் கண்டுபிடித்த முறை. அவள் பொய் சொல்லவில்லை, அவளும் அவருக்குச் சாப்பாடு கொடுத்தவள்தான். ஆனாலும் என் பெயரை ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பலெர்மோவுக்கு வந்த புதிதில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினேன். பிறகு மாடிப்படி துடைத்தேன். வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் சமைத்தேன். அந்தக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கையில் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி இருந்தது, உடம்பில் பலம் இருந்தது, அவ்வளவுதான். நான் வேலை பழகியது சிஞ்ஞோரீனா அகாத்தாவின் வீட்டில்.

அவர் திருமணம் செய்யாதவர், அதனால்தான் இந்த நாட்டு வழக்கப்படி சிஞ்ஞோரீனா. தன் தமையனோடு இருந்தார். தமையன் ஒரு நில அளவையாளர். இந்த நாட்டில் அதை ஜெயோமெத்ரா என்பார்கள். அது தொழிலின் பெயர் மட்டுமல்ல, ஆளைக் கூப்பிடும் மரியாதையும்கூட. நான் கடைசிவரை அவரை ஜெயோமெத்ரா என்றுதான் கூப்பிட்டேன். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்தது. நான் போன சில காலத்தில் நினைவும் மங்கத் தொடங்கியது.

சிஞ்ஞோரீனா ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. நான் விரித்த கட்டில் விரிப்பு பிடிக்காவிட்டால் அதை உருவி எடுத்து, என் கண்முன்னாலேயே, ஒரு சொல்லும் பேசாமல் முதலிலிருந்து விரிப்பார். நான் சுவரோடு நின்று பார்க்க வேண்டும். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். அந்த அமைதி மறக்கவில்லை. தமையனைத் தொடுவதற்கு முன் நான் யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். துவாயைச் சூடாக்கியில் போட்டு இளஞ்சூடாக்கிய பிறகுதான் முகம் துடைக்க வேண்டும். அவர் அறையில் இருக்கும்போது அவர் இல்லாததுபோல அவரைப் பற்றிக் கதைக்கக் கூடாது. இவற்றை எனக்குக் கற்றுத்தந்தவர் சிஞ்ஞோரீனாதான்.

பிறகு ஒரு நாள் ஜெயோமெத்ரா சாப்பிட மறுத்தார். வைத்தியர் வந்து தொண்டையில் ஒரு பிழையும் இல்லை என்றார். அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சிஞ்ஞோரீனா ஒவ்வொன்றாகச் சமைத்தார். எதற்கும் வாய் திறக்கவில்லை. ஆள் கண்முன்னாலே வற்றிக்கொண்டு போனார். மருத்துவமனையில் வைத்துக் குழாயால் உணவு கொடுக்க வேண்டி வரலாம் என்று கதை வந்தபோது, சிஞ்ஞோரீனா முதல்முறையாகக் கட்டில் விரிக்காமல் கதிரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

ஜெயோமெத்ராவின் அறைச் சுவரில் அவரே கையால் வரைந்த ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. அது அவர் பிறந்து, நெடுங்காலம் வேலை செய்த பெத்ராமாரா என்ற ஊர். வேறு கதை இல்லாமல், சூப்புக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து, "இந்தக் கிராமத்துக்கு எந்தப் பக்கத்தால் போவது?" என்று இத்தாலியனில் கேட்டேன்.

"கிராமம் இல்லை!" என்றார். கோபத்தில் வாய் பெரிதாகத் திறந்தது. "காப்பொலுவோகோ! வட்டாரத்தின் தலைமையூர்!"

கரண்டி உள்ளே போனது. விழுங்கினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் நாங்கள் பெத்ராமாராவுக்குப் போனோம். செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாந்தினியின் குரல் பதிவில் இது இல்லை. நல்ல பக்கமான இடப்பக்கம் உட்கார வேண்டும். தலையணையை முதுகுக்குக் கொடுத்து, தலையைக் குனித்து, நாடி சற்றுக் கீழே பார்க்கும்படி வைக்க வேண்டும். சூப்பு தண்ணீராக இல்லாமல் தடிப்பாக இருக்க வேண்டும். கரண்டி கீழிருந்து வர வேண்டும், மேலிருந்து வந்தால் பயப்படுவார்கள். தொண்டை அசைவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அடுத்த கேள்வி. கேள்விக்கு அவர் வாய் திறக்கும்போது அடுத்த கரண்டி.

அப்படித்தான் அந்த ஊர் எனக்குப் பாடமானது. பலெர்மோவிலிருந்து கடலோரமாகக் கிழக்கே போய், பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டுக்குத் திரும்ப வேண்டும். கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு குன்று, அதன் இரு பக்கமும் இரண்டு ஆறுகள். கோடையில் அவற்றில் கல்தான் ஓடும் என்பார் ஜெயோமெத்ரா. கீழே ஊற்று வாசல். அங்கிருந்து செருப்புத் தைப்பவர்களின் தெரு மேலே ஏறும். நடுவில் ஒரு மழைக்கால மண்சரிவு தெருவை வெட்டிக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்தில் படிகள் கட்டியிருந்தார்கள். படிகள் முடிந்ததும் தானியச் சந்தை. அதற்கு மேலே சதுக்கம், கத்தோலிக்கக் கோயில், நீதிமன்றம். சதுக்கத்தின் ஓரத்துச் சுவரில் சாய்ந்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் எதிர்க்குன்றில் காஸ்தெல்வெந்தோ என்ற ஊர் தெரியும்.

அந்தப் பெயரை ஜெயோமெத்ரா வாயால் சொல்லமாட்டார். "எதிர்ப்பக்கம்" என்பார். பழைய அரசர்கள் நாப்போலியிலிருந்து பலெர்மோ இருக்கிற இந்தத் தீவை ஆண்ட காலத்தில் அந்த வட்டாரத்துக்கு ஒரு தலைமையூர் தேவைப்பட்டதாம். எதிர்ப்பக்கத்தில் சனம் அதிகம், தண்ணீரும் அதிகம். தங்களுக்குத்தான் கிடைக்கும் என்று அவர்கள் கொடியெல்லாம் தைத்துவிட்டார்கள். ஆனால் பெத்ராமாராவில் ஒரு கன்னியர் மடம் காலியாகக் கிடந்தது. புதிதாக ஒன்றும் கட்டாமல் நீதிமன்றத்தையும் சிறையையும் அதற்குள் வைத்துவிடலாம் என்று, ஊரைப் பார்வையிட வந்த அதிகாரி எழுதிவிட்டார். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்தார் ஒரு வேலித் தகராறு என்றாலும் கழுதையில் பள்ளத்தாக்கை இறங்கி ஏறித்தான் வர வேண்டும். அவர்கள் காத்திருந்தார்கள். ரயில் பாதை போட்டபோது நிலையத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். பிறகு கந்தகச் சுரங்கம் மூடியது, பெத்ராமாராவின் சனம் ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் போனது. "ஆனால் நீதிமன்றம் எங்களிடம்," என்று ஜெயோமெத்ரா நல்ல கையால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். "வாசலில் பித்தளைப் பலகை இருக்கிறது. அது இருக்கும்வரை நாங்கள்தான் தலைமையூர்."

ஒரு ஊர் இன்னொரு ஊரைப் பார்த்து இப்படி வயிறெரியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் ஊர் இருக்கிறது. ஆனால் அதன் தெருக்களை ஒருவரும் என்னிடம் இப்படி ஒவ்வொரு வேளையும் கேட்டதில்லை. அவருக்குக் கேட்க நான் இருந்தேனே என்று சில நேரம் அவரைப் பார்த்தும் எரிச்சல் வரும்.

சாந்தினியை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். பின்னேரங்களுக்கு இன்னொரு ஆள் தேவை என்று சிஞ்ஞோரீனா கேட்டபோது, இராணிக்குத் தெரிந்த, வடமராட்சிப் பக்கத்துப் பிள்ளை என்று அவளைச் சொன்னேன். செய்முறை முழுவதையும் நானே காட்டிக் கொடுத்தேன். தெருக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் தலையாட்டினாள். ஒன்றும் ஏறவில்லை.

ஒரு பின்னேரம் என் குடையை மறந்துவிட்டு, எடுக்கத் திரும்பிப் போனேன். அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெயோமெத்ரா சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நீதிமன்றத்துக்குப் பக்கத்தில்தான் கடற்கரை?" என்று சாந்தினி உடைந்த இத்தாலியனில் கேட்டாள்.

"கடலா? எந்தக் கடல்? பெண்ணே, நீ எங்கே போய் நிற்கிறாய்? திரும்பு, திரும்பு, ஊற்று வாசலுக்கு வா!"

ஒவ்வொரு திருத்தலுக்கும் ஒரு கரண்டி. கோப்பை காலியாகிவிட்டது. என்னிடம் அவர் கோப்பையில் பாதிக்கு மேல் சாப்பிட்டு நெடுநாளாகியிருந்தது.

ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு ஊர் சரியாகத் தெரிந்துவிட்டது. "இப்போது படிகள், மேலே தானியச் சந்தை" என்று நான் பிழையில்லாமல் சொல்லச் சொல்ல, அவர் திருப்தியாகத் தலையை மட்டும் ஆட்டினார். திருத்த ஒன்றுமில்லை என்றால் வாய் ஏன் திறக்க வேண்டும்? சாந்தினிக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு அவர் ஊரையே புதிதாகக் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இராணி கேட்டாள், "அந்த மனுசன் சாப்பிட்டால் உங்களுக்குச் சந்தோசம் தானே?"

"சந்தோசம்தான்."

"பிறகென்ன?"

"என்னட்டைச் சாப்பிடேல்லையே."

அடுத்த நாள் நானும் பிழை விட்டுப் பார்த்தேன். கரண்டியைத் தயாராக வைத்துக்கொண்டு, "படிகள் முடிந்ததும் சிறைச்சாலை வரும், இல்லையா?" என்றேன். ஜெயோமெத்ரா என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. கண் நிறைந்தது.

"நீயுமா மறந்துவிட்டாய், யோகா?" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் பிழை விடவில்லை. அவர் என்னிடம் பாதிக் கோப்பை சாப்பிட்டார், சாந்தினியிடம் முழுக் கோப்பை சாப்பிட்டார். அவள் சந்தோசமாக வந்து காலிக் கோப்பையைக் காட்டுவாள், "அண்ணை, பாருங்கோ, வழிச்சுத் துடைச்சாச்சு" என்று. நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பிறகு சிஞ்ஞோரீனா தமையனை ஒருமுறை ஊருக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். பெத்ராமாராவின் காவல் புனிதரின் திருநாள் வந்துகொண்டிருந்தது. அவர்களுடைய உறவில் மருமகன் ஒருவன் காரோட்டுவான். சக்கர நாற்காலியை மடித்து வைத்தால் காரில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம். நான் சப்பாத்துக்குப் பூச்சுப் போட்டு வைத்தேன். எந்த மூலையில் எந்தப் பக்கம் நாற்காலியைச் சாய்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். படிகளைச் சுற்றிப் போகிற வண்டிப் பாதை எனக்குத் தெரியும்.

"சாந்தினி வருவாள்," என்றார் சிஞ்ஞோரீனா.

நான் அந்த வீட்டில் எதிர்த்துக் கதைத்தது அந்த ஒரு தடவைதான். "அவளுக்கு அந்த ஊரில் ஒரு தெருகூடத் தெரியாது, சிஞ்ஞோரீனா. எனக்கு முழுவதும் தெரியும்."

"ஆம்," என்றார். "உனக்கு முழுவதும் தெரியும். அதனால்தான்."

வேறு விளக்கம் இல்லை. துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அந்த வீட்டில் அப்படி என்றால் பேச்சு முடிந்தது.

அவர்கள் போன அன்று, ஜன்னல் கண்ணாடி துடைத்தபடி அந்த வரைபடத்தின் முன்னால் நாள் முழுவதும் இருந்தேன். இப்போது ஊற்று வாசல், இப்போது சதுக்கம் என்று மனம் காரோடு கூடவே போனது. திரும்பி வந்தபோது ஜெயோமெத்ராவின் முகம் வெயிலில் சிவந்து, மினுங்கிக்கொண்டிருந்தது. சாந்தினியைச் சமையலறையில் பிடித்துக் கேட்டேன்.

"எப்பிடி ஊர்?"

"அங்கை ஒண்டும் இல்லை அண்ணை. ஒரு கோயில், ஒரு பார், கொஞ்சச் சனம்."

"நீதிமன்றம் பாத்தனியே?"

"பெரிய கட்டிடம் ஒண்டு இருந்தது. நான் அதெல்லாம் வடிவாப் பாக்கேல்லை." தேநீர்க் கோப்பையைக் கழுவத் திரும்பிவிட்டாள்.

எனக்குத் தலை கொதித்தது. நான் கனவில் நடந்த சதுக்கத்தில் காலால் நடந்தவள், வடிவாகப் பார்க்கவில்லையாம். அதற்குப் பிறகு பெத்ராமாராவைப் பற்றி அவளிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

ஜெயோமெத்ரா பிறகும் நெடுநாள் இருந்தார். கடைசிவரை வாயால்தான் சாப்பிட்டார், குழாய் போடவில்லை. ஒரு காலை, நான் முகம் துடைத்துவிட்ட பிறகு, அமைதியாகப் போனார். அதிக காலம் போகாமல் சிஞ்ஞோரீனாவும் போய்விட்டார். நான் வேறு வீடுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். பெத்ராமாராவுக்குப் போகவில்லை, கைபேசியில்கூடத் தேடிப் பார்க்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே வெயிலில் சிவந்த முகமும் சாந்தினியின் காலிக் கோப்பையும்தான் கண்முன்னால் வந்தன.

அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகுதான், இனியும் பொறுக்க முடியாது, ஊரையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இராணியும் நானும் பஸ்ஸில் போனோம்.

எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தது. ஊற்று வாசலில் இறங்கி யாரிடமும் வழி கேட்காமல் ஏறினேன். செருப்புத் தெருவில் கதவுகள் பூட்டியிருந்தன. பல வீடுகளில் விற்பனைக்கு என்ற அட்டை வெயிலில் வெளிறியிருந்தது. படிகளுக்கிடையில் புல் முளைத்திருந்தது. இராணிக்கு மூச்சு வாங்க, நான் முன்னால் ஓடாத குறையாகப் போனேன். சதுக்கத்துக்கு வந்து நீதிமன்ற வாசலைப் பார்த்தேன். கதவில் சங்கிலி. பக்கத்துச் சுவரில் நான்கு ஓட்டைகள், அவற்றுக்கு நடுவே வெயில் படாத சதுரமான ஒரு வெள்ளைத் தடம். பித்தளைப் பலகை இல்லை.

இந்த நாட்டில் பார் என்றால் காப்பிக் கடை. சதுக்கத்துப் பாருக்குள் போய்க் காப்பி கேட்டோம். வயதான உரிமையாளர் எங்களை உற்றுப் பார்த்தார்.

"ஜெயோமெத்ராவோடு திருநாளுக்கு வந்த உங்கள் நாட்டுப் பெண், சாந்தினா, நன்றாக இருக்கிறாளா?"

இத்தனை தெருக்கள் தெரிந்த என்னை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அவளை மறக்கவில்லை. "நன்றாக இருக்கிறாள்," என்றேன். "அந்தப் பலகை எங்கே?"

"எதிர்ப்பக்கம் போய்விட்டது," என்று கையைப் பள்ளத்தாக்குப் பக்கம் காட்டினார். சிறிய நீதிமன்றங்களை அரசு மூடியபோது இதையும் மூடி, வேலைகளைக் காஸ்தெல்வெந்தோவுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். திருநாளுக்கு அவர்கள் வருவதற்கு முன்பே அது நடந்து முடிந்திருந்தது. தமையனிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று சிஞ்ஞோரீனா முன்கூட்டியே ஊரில் எல்லோரிடமும் கெஞ்சியிருந்தார். திருநாளில் எல்லாக் கதவும் பூட்டித்தான் இருக்கும் என்பதால் அந்த நாளையே பார்த்துத் தேர்ந்திருந்தார்.

"ஜெயோமெத்ரா கோயிலுக்குள் இருந்தபோது அந்தப் பெண் தண்ணீர் கேட்டு இங்கே வந்தாள். அது என்ன கட்டடம் என்று கேட்டாள். நான் சொன்னேன். கிளாஸை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு போனாள். அவர் வெளியே வந்து, 'ஏன் பூட்டியிருக்கிறது? பலகை எங்கே?' என்று கேட்டார். நான் கடைக்குள் நழுவப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு, 'இன்றைக்குத் திருநாள் அல்லவா ஜெயோமெத்ரா, பலகையை மினுக்கக் கழற்றியிருக்கிறார்கள்' என்றாள். அவருக்கு அது போதுமாக இருந்தது."

அவர் காப்பியை என் முன்னால் தள்ளினார்.

"போகும்போது என்னிடம் ஒன்று சொன்னாள். வீட்டில் இன்னொருவர் இருக்கிறார், அவருக்கும் தெரியக் கூடாது என்று. அவருக்கு இந்த ஊர் உங்களைவிட நன்றாகத் தெரியும், கேள்விப்பட்டால் முகத்தில் தெரிந்துவிடும், ஜெயோமெத்ரா ஒவ்வொரு வேளையும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறார் என்றாள். அது யார், மகனா?"

"இல்லை," என்றேன். "கூட வேலை செய்தவன்."

திரும்பி வரும் பஸ்ஸில் இராணி கேட்டாள், "இனியாவது அவளிலை இருக்கிற பொறாமை போச்சோ?"

"கூடியிருக்கு," என்றேன். "முந்தி ஐயா அவளிட்டை நல்லாச் சாப்பிட்டவர் எண்டுதான் பொறாமை. இவ்வளவு காலம் இதை நெஞ்சுக்குள்ளை வச்சுக்கொண்டு, என்ரை எரிச்சலையும் பாத்துக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறாளே. அது என்னாலை ஏலாது."

போய் வந்ததை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அவளைப் போலவே நானும் காட்டிக்கொள்ளாமல் இருந்து பார்ப்போம் என்று நினைத்தேன். அந்த வாரம் பலெர்மோவில் எங்கள் கோயிலில் அன்னதான வரிசையில் சாந்தினி சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டை நீட்டினேன். "என்ன அண்ணை, சுகமே?" என்று கேட்டபடி நிமிர்ந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் அகப்பையைப் பிடித்தபடியே நின்றாள்.

"எப்ப போனனீங்கள்?" என்று கேட்டாள்.